ஏழாம் அறைச் சுவர்

பழைய சிறைச்சாலையைச் சுற்றிப் பார்க்க இன்று ஊரையே அழைத்திருக்கிறார்கள். ஏழாம் அறையில் ஒரு அம்மாள் சுவரை விரலால் தடவித் தடவித் தேடுகிறாள். "ஜன்னலுக்குக் கீழதான் தம்பி. ஆணியால உன் பேரைக் கீறி வச்சிருக்கேன்னு எங்க வீட்டுக்காரர் இங்கிருந்து எழுதியிருந்தார். அதுதான் கடைசிக் கடுதாசி." வழிகாட்டி சுவரைப் பார்க்கிறான். போன வாரம், விழாவுக்கென்று, கீறல்களையெல்லாம் சிமெண்டால் அடைத்து இரண்டு பூச்சு வெள்ளையடித்தவன் அவன்தான். சுவரில் வெயில் விழுந்து கண் கூசுகிறது. "ஒருவேளை பக்கத்து அறையோ?" "இருக்கலாம்மா" என்கிறான். வெளியே ஒலிபெருக்கி, சிறையைப் பளிச்சென்று ஆக்கிய தொண்டர்களுக்குப் பலமாகக் கைதட்டச் சொல்கிறது. அம்மாளும் அவனைப் பார்த்துச் சிரித்தபடி தட்டுகிறாள். அவள் விரல்களிலிருந்து சுண்ணாம்பு உதிர்கிறது.