முகமூடி இருந்தது

“மாஸ்க் இருந்துச்சா?” என்று தொழிற்சாலை ஆய்வாளர் கேட்டார்.

“இருந்துச்சு” என்றார் ஐஸ் ஃபேக்டரி முதலாளி.

அலமாரியைத் திறந்து காட்டினார். நடுத்தட்டில் இருந்தது. அமோனியா கசிந்தால் போட்டுக்கொள்வதற்கென்றே வாங்கிய முகமூடி. பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படவில்லை.

ஆய்வாளர் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நல்ல சரக்கு.

“வச்சிருந்தும் போடலையே” என்று சொல்லிக்கொண்டே எழுதினார்.

முதலாளியின் வக்கீல் குற்றாலலிங்கம் பக்கத்தில் நின்றார். சொல்ல வேண்டியதைக் காலையிலேயே சொல்லி முடித்திருந்தார்.

“கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க அண்ணாச்சி. பூட்டிக் கெடந்துச்சான்னு அவரு கேக்கப் போறதில்ல. நாமளா எதுக்குச் சொல்லணும்?”

பூட்டித்தான் கிடந்தது.

முன்பு ஒரு முகமூடி மிஷின் ரூம் சுவரில் தொங்கியது. யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அடுத்ததை வாங்கியபோது முதலாளியே அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

“அவசரத்துக்கு எப்படி எடுக்க அண்ணாச்சி?” என்று ஆபரேட்டர் செலஸ்டின் அப்போதே கேட்டான்.

“நான்தான் இங்கனயே கெடக்கேனே. ஒரு சத்தம் குடு, தொறந்து தாரேன்.”

அமோனியாக் குழாயின் இணைப்பு விட்டுப்போன அன்று அவர் ஐஸ் ஃபேக்டரியில் இல்லை. தூத்துக்குடியிலேயே இல்லை. திருநெல்வேலியில் ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருந்தார். சாவி சட்டைப் பையில் இருந்தது. மேளச் சத்தத்தில் போன் அடித்தது கேட்கவில்லை.

செலஸ்டின் முதலில் அலமாரிக்குத்தான் ஓடியிருக்கிறான். கைப்பிடியைப் பிடித்து இழுத்திருக்கிறான். காலால் உதைத்திருக்கிறான். இரும்புக் கதவு அதிர்ந்ததே தவிர திறக்கவில்லை.

பின்சுவருக்கு அந்தப் பக்கம் பெண்கள் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். காற்று அவர்கள் பக்கமாக அடித்தது.

துண்டை நனைத்து முகத்தில் சுற்றிக்கொண்டு உள்ளே போனான்.

வால்வை மூடிவிட்டான்.

அந்தப் பெண்கள் இருமினார்கள், கண்ணைக் கழுவினார்கள், வீட்டுக்குப் போனார்கள்.

செலஸ்டினுக்குக் கண்களும் தொண்டையும் வெந்துபோயின.

கூட வேலை பார்த்தவர்களுக்கு எல்லாம் தெரியும். ஆய்வாளர் முன்னால் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மறுநாளும் வேலைக்கு வர வேண்டியவர்கள்.

ஜீப் போனதும் வக்கீல் முதலாளியின் தோளில் கைவைத்தார்.

“இனி ஒங்க மேல பெருசா ஒண்ணும் வராது. அவன் கவனக்குறைவுன்னு போயிரும்.”

அவருக்கு மூச்சு லேசானது. அது தனக்கே தெரிந்தபோது வெட்கமாக இருந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போனார்.

செலஸ்டினின் கண்களைச் சுற்றிக் கட்டு. தொண்டையில் குழாய். அவன் மனைவி ரெஜினா எழுந்து ஸ்டூலை நகர்த்திப் போட்டாள். அவர் உட்காரவில்லை.

அவள் அழுது முடித்திருந்தாள். கோபம்தான் மிச்சமிருந்தது.

“மாஸ்க் இருந்துச்சாமே அண்ணாச்சி. சூப்பர்வைசர் இப்பத்தான் சொல்லிட்டுப் போறாரு. எடுத்து மாட்டிட்டுப் போனா என்ன இவருக்கு? வீட்டுல ரெண்டு பொம்பளப் பிள்ளைய இருக்குன்னு நெனப்பு வேண்டாமா?”

கணவன் பக்கம் திரும்பினாள்.

“எல்லாம் வீம்பு. எனக்கு ஒண்ணும் ஆவாதுங்கற வீம்பு. இனி யாரு ஒங்கள கையப் புடிச்சு நடத்திக்கிட்டுத் திரிவா?”

செலஸ்டினால் பேச முடியாது. கட்டுப்போட்ட முகம் மெல்ல அவர் நின்ற பக்கம் திரும்பியது. 

பிறகு அவன் தலையை அசைத்தான்.

ஆமாம், என் தப்புதான் என்பதுபோல.

அவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“அலமாரி பூட்டியிருந்துச்சும்மா” என்றார். “சாவி எங்கிட்ட இருந்துச்சு.”

ரெஜினா அவரையே பார்த்தாள். வார்டில் யாரோ இருமினார்கள்.

“இத அந்த ஆபீசர்கிட்ட சொன்னியளா?”

அவர் கட்டில் கம்பியிலிருந்து கையை எடுத்தார். 

அதற்குமேல் அவள் அவர் பக்கம் திரும்பவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கணவனின் காதருகே குனிந்தாள்.

“தெரியாம ஏசிட்டேன்” என்றாள். “தெரியாம ஏசிட்டேங்க.”

அவர் வெளியே வந்தார்.

வெயில் இன்னும் இறங்கவில்லை. ஆய்வாளரின் அலுவலகம் மூட நேரமிருந்தது.

டிரைவர் கார் கதவைத் திறந்து பிடித்தார்.

“எங்க போவணும் அண்ணாச்சி?”

அவர் ஆஸ்பத்திரிப் படியிலேயே உட்கார்ந்தார்.