சால்மன் தெரிந்த படகுக்காரன்

கம்பெனிப் படகுக்காரன் தங்கவேலு கனடாவில் இரண்டு வருஷம், சால்மன் மீன் பிடிக்கும் துரைமாருக்கு வழிகாட்டியாக இருந்தவன் என்று ரங்கூன் முழுக்கப் பேச்சு. அங்கே கரடிகூட அவனைக் கண்டால் மீனை அவன் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்குமாம். மேனேஜர் துரை கனடாக்காரர், விடுவாரா? ஞாயிற்றுக்கிழமை தூண்டிலோடு அவனுடைய சம்பான் படகில் ஏறிவிட்டார்.

நடு ஆற்றில், மதராஸில் கற்ற தமிழில் ஆரம்பித்தார். “என் ஆறு ஞாபகம் வருகிறது, தங்கவேலு. நீ நிஜமாகவே சால்மன் பார்த்தவனா?”

“கேட்டுப் பாருங்க தொரை.”

“கடலிலிருந்து பிறந்த இடத்துக்கு ஆறு ஏறும்போது அது என்ன தின்னும்?”

“ஒண்ணும் தின்னாது. பொறந்த எடத்துக்குப் போறப்ப பசி ஏது தொரை?”

துரை நிமிர்ந்தார். “பிறகு தூண்டிலை ஏன் கடிக்கிறது?”

“கோவம் தொரை. ஊருக்குப் போறவனுக்குக் குறுக்க எதை நீட்டினாலும் கடிப்பான்.”

“வழியில் அருவி வந்தால்?”

“விழுந்து விழுந்து எகிறும். உசிரு போனாலும் திரும்பாது.”

துரையின் கண் கலங்கிவிட்டது. “எல்லாம் சரி! எந்த ஆற்றில் வேலை செய்தாய்?”

தங்கவேலு துடுப்பைப் படகுக்குள் எடுத்து வைத்தான்.

“நான் கண்ட சீமை ரங்கூன் ஒண்ணுதான் தொரை. சால்மனைக் கண்ணால பார்த்ததில்ல. அந்தப் புரளியக் கிளப்பினதே நான்தான். ஹெட்கிளார்க் உங்கள நெருங்கவே விடமாட்டேங்கிறாரே!”

“பிறகு இத்தனையும் எப்படித் தெரியும்?”

தங்கவேலு மடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினான்.

“நாகப்பட்டணத்துல பொண்டாட்டியப் பார்த்து ஒம்பது வருஷமாச்சு தொரை. லீவு கேட்டு இது பதினோராவது மனு.”