மணிக்கூண்டுக்குப் போன பாலம்

“இந்தப் பாலத்தை எடுத்தது நான்தான்” என்றாள் அக்கா.

விசாரணை அதிகாரி குனிந்து பார்த்தார். காலடியில் அதலபாதாளம், எதிரே தன்னந்தனியாக ஒரு மணிக்கூண்டு. தலை சுற்றவே, கண்ணில் மாட்டியிருந்த கருவியைச் சற்று உயர்த்தினார். அதே அறை, அதே மேசை. பக்கத்தில் அவரைப் போலவே கருவி மாட்டிய அக்கா.

ஆலையின் மென்பொருளைத்தான் அப்படி ஒரு நகரமாக நிறுத்தியிருந்தார்கள். ஒவ்வொரு நிரலும் ஒரு கட்டிடம். சேதி போகும் வழியெல்லாம் பாலம். புகையை மோப்பம் பிடிக்கும் கட்டிடத்திலிருந்து அபாயமணிக்குப் போக வேண்டிய பாலத்தைக் காணோம். தீப்பிடித்த அன்று மணி அடிக்காததற்கு அதுதான் காரணம்.

அந்தப் புகையில் உயிர் போனவர்களில் அவள் கூடப்பிறந்தவனும் ஒருவன். ஆலைக்கே அவன் தம்பி, இவள் அக்கா. மென்பொருள் பிரிவில் முதலில் வேலைக்கு வந்தவன் அவன். பிறகு இவளையும் தன் பிரிவிலேயே சேர்த்துவிட்டான். மயங்கிக் கிடந்த இருவரைத் தோளில் தூக்கி வெளியே கொண்டுவந்தவன், இன்னொருவரைத் தேடி உள்ளே போய்த் திரும்பவில்லை. ஆலை வாசலில் இப்போது அவன் படம் இருக்கிறது.

“எந்தப் பக்கமா வந்து எடுத்தீங்க? காட்டுங்க” என்றார் அதிகாரி, கருவியை மறுபடி கண்ணில் இறக்கிக்கொண்டு.

அவள் அந்த நகரத்துக்குள் நடந்தாள். முட்டுச்சந்தில் போய் நின்றாள். திரும்பி வேறு வழியில் போனாள், அங்கேயும் சுவர். துக்கத்தில் இருப்பவள், பாவம், என்று நினைத்து அவரும் பின்னாலேயே போனார்.

“விடுங்க சார். நான்தான்னு எழுதிக்குங்க, கையெழுத்துப் போடுறேன்.”

“ஜெயிலுக்குப் போகணும்மா. வீட்ல யாரு இருக்கா?”

“அம்மா மட்டும்தான். வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் தம்பி பேச்சுதான். அந்தப் பெருமையிலதான் அவங்களுக்கு உசுரு ஓடுது.”

அதிகாரிக்கு மனசு கனத்தது. ஆனாலும் கடமை கடமைதான். நகரத்தின் காலத்தைப் பின்னோக்கி ஓட்டினார். கட்டிடங்கள் குட்டையாகின, சில மண்ணோடு மறைந்தன. பாலம் மட்டும் வருவதாக இல்லை. அவள் வேலைக்குச் சேர்ந்த நாளும் கடந்து போயிற்று. அதற்கும் வெகு முன்னால், ஒரு நொடியில், பாலம் முளைத்தது.

“நீங்க சேர்றதுக்கு முன்னாடியே இதை எடுத்துட்டாங்களேம்மா. அப்ப இந்த இடத்தைப் பார்த்துக்கிட்டது யாரு?”

அக்கா கருவியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

“அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க சார்.”