முன் வரிசை ரசிகர்

"அந்த ஆள் இன்னிக்கும் வந்திருக்கானா, கொஞ்சம் பாத்துச் சொல்லுங்கம்மா."

வயலின்காரர் வில்லின் திருகை முறுக்கிக்கொண்டே கேட்டார். பியானோ வாசிக்கும் பெண் திரையை லேசாக விலக்கிப் பார்த்தாள்.

"வந்திருக்கார் சார். அதே சீட்டுதான்."

"தூங்கிட்டானா?"

"இன்னும் இல்ல. நாம இன்னும் ஆரம்பிக்கலையே."

வயலின்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அலுவலகக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் நடக்கும் மதிய நேரக் கச்சேரி அது. மேல் மாடிகளிலிருந்து இறங்கி வருகிறவர்களில் பாதிப் பேர் மடியில் சாப்பாட்டு டப்பாவோடுதான் உட்காருவார்கள். மூடி திறக்கிற சத்தத்தை அவர் பொறுத்துக்கொள்வார். பக்கத்து சீட்டுக்காரரிடம் மேலதிகாரியைத் திட்டித் தீர்ப்பதைக்கூடப் பொறுத்துக்கொள்வார். ஆனால் முன் வரிசையில் நட்டநடுவே உட்கார்ந்து, ஆரம்பித்த கையோடு தலையைத் தொங்கப் போட்டுவிட்டு, கடைசிக் கைதட்டலுக்கு எழுந்து போகிறவனை என்ன செய்வது? பழைய பியானோக்காரர் வேறு வேலைக்குப் போய், இந்தப் பெண் வந்து சேர்ந்த ஒரு மாதமாக இதே கூத்துதான்.

"எருமை மாடு," என்றார். "இன்னிக்குன்னு பாத்து முதலாளியம்மா வேற வர்றாங்க. கச்சேரி தொடரணுமா, இல்ல ஹாலைக் கேன்டீன் ஆக்கிடலாமான்னு முடிவு பண்ணத்தான் வர்றாங்களாம். அவங்களுக்கு அவன் பக்கத்து சீட்டைப் போட்டு வச்சிருக்கார் மேனேஜர். அவன் குறட்டை விட்டா நம்ம பொழப்பு அதோட சரி."

"குறட்டையெல்லாம் விடமாட்டார் சார்."

"அவனைக் கடைசி வரிசைக்குத் தள்ளச் சொல்லட்டுமா?"

"பாவம் சார், இருக்கட்டுமே. என்ன அலுப்போ என்னவோ."

"இவ்வளவு இளகின மனசு ஆகாதும்மா உங்களுக்கு." வயலின்காரர் கொஞ்ச நேரம் யோசித்தார். "ஒண்ணு பண்ணுவோம். ரெண்டாவதா வாசிக்கிற சொனாட்டா நடுவுல நான் தலையை ஆட்டுவேன். நீங்க கையை எடுத்துடுங்க. நான் தனியா வாசிக்கிறேன். எப்படித் தூங்கறான்னு பாத்துடலாம்."

அவள் முகம் மாறியது. "தனியாவா? பியானோ இல்லாமலா? வேண்டாமே சார்."

பொறாமை, என்று நினைத்துக்கொண்டார் வயலின்காரர். சின்னப் பெண்தானே, போகட்டும்.

கச்சேரி தொடங்கியது. முதல் பக்கம் முடிவதற்குள் அந்த ஆளின் மோவாய் நெஞ்சைத் தொட்டுவிட்டது. முதலாளியம்மா அவனை ஒரு தரம் பார்த்தார். பிறகு ஹாலைக் கண்ணால் அளந்தார். எந்தச் சுவர் ஓரம் அடுப்பு வைக்கலாம் என்று கணக்குப் போடுகிறார் என்றே வயலின்காரருக்குத் தோன்றியது. அவர் வில்லை அழுத்தி இழுத்தார். தந்திகளை விரலால் சுண்டினார். மூன்றாம் வரிசை அம்மாள் பயந்துபோய்க் கரண்டியைக் கீழே போட்டாரே தவிர, தூங்குகிறவன் அசையவில்லை.

இரண்டாவது சொனாட்டாவின் நடுவில் தலையை ஆட்டினார்.

அந்தப் பெண் தயங்கித் தயங்கிக் கையை எடுத்தாள். பியானோ அடங்கியது. வயலின் மட்டும் ஒலித்தது.

அந்த ஆள் கண்ணைத் திறந்தான்.

சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தான். மேடையையே பார்த்தான். வயலின்காரருக்கு மயிர்க்கூச்செறிந்தது. இத்தனை வருஷத்தில் அவர் அப்படி வாசித்ததில்லை. பியானோவுக்குத் திரும்பவும் சைகை காட்ட வேண்டும் என்பதே அவருக்கு மறந்துபோனது. கடைசிவரை அந்த ஆளின் கண் மூடவில்லை. டப்பாக்களும் மூடித்தான் கிடந்தன.

முதலாளியம்மா மேடைக்கே வந்துவிட்டார். "தூங்கிட்டிருந்த மனுஷனையே எழுப்பி உக்கார வச்சிட்டீங்களே. கேன்டீனை நான் மொட்டை மாடியில போட்டுக்கறேன். நீங்க நடத்துங்க."

உள்ளறைக்கு வந்த வயலின்காரருக்குக் கால் தரையில் பாவவில்லை. கண்கூடக் கலங்கிவிட்டது.

"பாத்தீங்களாம்மா? நான்தான் தப்பா நினைச்சிட்டேன். அவன் தூங்குமூஞ்சி இல்ல, ஞானஸ்தன். தனி வயலினுக்காகத்தான் இத்தனை நாள் காத்திருந்திருக்கான். அடுத்த வாரம் முக்கால் கச்சேரி நான் தனியாவே வாசிச்சுடறேன்."

"ஐயோ, அது மட்டும் வேண்டாம் சார்."

கதவு தட்டப்பட்டது. அந்த ஆள்தான் நின்றான். வயலின்காரர் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு எதிரே போனார். அவன் ஒரு வணக்கத்தோடு அவரைத் தாண்டி நேராக அந்தப் பெண்ணிடம் போய் நின்றான்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "என் வீட்டுக்காரர் சார். முதல் நாளே நீங்க இவரை அப்படித் திட்டிட்டீங்க. அப்புறம் சொல்ல வாய் வரல."

அவன் ஒரு பெரிய கொட்டாவியை விட்டு முடித்தான்.

"நீ வாசிக்கிற சத்தம் இல்லாம வீட்ல கண்ணு மூட மாட்டேங்குதுன்னுதானே, ராத்திரி பூரா பஸ் ஓட்டிட்டு இங்க வந்து உக்கார்றேன்? இங்கயும் பாதியில நிறுத்திட்டா நான் எங்கதாம்மா போய்த் தூங்கறது?"