அடிச்சுத் தொலை

"அடிச்சுத் தொலைடா ரோவன், தொலை!"

பந்து மகனின் காலுக்கு வருவதற்குள் வெய்னின் குரல் காதுக்குப் போய்விட்டது. ரோவன் கண்ணை மூடிக்கொண்டு ஓங்கி உதைத்தான். பந்து வேலியைத் தாண்டி, ஆட்டுமந்தைக்குள் விழுந்தது.

கோட்டோரம் நின்ற பெற்றோர் கைதட்டினார்கள்.

ஆட்டம் முடிந்தபோது ஆறு கோல் வாங்கியிருந்தார்கள். திரும்பக் கொடுத்தது ஒன்றுமில்லை.

"பாத்தியா கெல்லி" என்றார் வெய்ன் மனைவியிடம். "ஸ்பெயின்ல பத்து வயசுப் பையன் பந்தைக் காலுல வாங்குவான். தலையைத் தூக்கிப் பாப்பான். யாருக்குக் குடுக்கலாம்னு யோசிப்பான். நம்ம புள்ளைங்களுக்குப் பந்தைத் தொட்டாலே சுடுது. சொல்லிக்குடுக்கிற லட்சணம் அப்படி."

"நீ ஸ்பெயினுக்குப் போனது ஒரே தடவை. அதுலயும் ஓட்டல் நீச்சல் குளத்தை விட்டு வெளிய வரல."

"டிவியில பாக்கறேன்ல."

டெனிஸ் மைதானத்தின் மூலைகளில் நட்டிருந்த கொடிக்கம்புகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். வாரமெல்லாம் தபால் கொடுக்கிறவள். சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமையும் சம்பளமில்லாமல் இந்தப் பிள்ளைகளுக்குப் பயிற்சியாளர். அவளுக்குச் சொந்தப் பிள்ளை இல்லை. இவர்கள்தான்.

தேநீர்க் கொட்டகையில் பெற்றோர் கூடிப் பேசினார்கள். டெனிஸ் நல்லவள்தான், ஆனால் என்று ஆளுக்கொரு 'ஆனால்' இருந்தது. கூட்டத்தில் ஒருவர் கோர்க்கா. ஊரில் பல் மருத்துவர், ஸ்பெயினில் பில்பாவோவிலிருந்து வந்தவர், மகள் இதே அணியில் ஆடுகிறாள். அதற்குமேல் என்ன வேண்டும்? அடுத்த ஞாயிறு கோர்க்கா நடத்தட்டும், நன்றாகப் போனால் அணி அவருக்கே என்று முடிவானது.

டெனிஸிடம் வெய்ன்தான் போய்ச் சொன்னார்.

"மனசுல வச்சுக்காதம்மா. புள்ளைங்க நல்லதுக்குத்தான்."

அவள் கையிலிருந்த கொடிக்கம்பில் ஒட்டிய சேற்றைக் கொஞ்சநேரம் துடைத்தாள். "சரி. நான் தண்ணி பாட்டில் பாத்துக்கறேன்" என்றாள்.

அடுத்த ஞாயிறு கோர்க்கா பிள்ளைகளிடம் ஒன்றும் சொல்லவில்லை. நேராகப் பெற்றோரிடம் வந்து, கருப்பாக, கல் மாதிரி இருந்த மிட்டாயை ஆளுக்கொன்று கொடுத்தார்.

"எங்க ஊர்ல முதல் பயிற்சி பெத்தவங்களுக்கு. வாயில போட்டுக்குங்க. துப்பக்கூடாது, கடிக்கக்கூடாது. தீர்ந்துட்டா கை தூக்குங்க, இன்னொண்ணு வரும்."

"பல் டாக்டரே மிட்டாய் குடுக்கறீங்களே" என்றாள் கெல்லி.

"பல்லு போச்சுன்னா நான் இருக்கேன்."

அவள் வாயில் போட்டு ஒரு பக்கமாக ஒதுக்கினாள். "வெய்ன், இது நம்ம ஊர்ல வருஷா வருஷம் நவம்பர் அஞ்சாம் தேதி பட்டாசு வெடிக்கறப்ப சாப்பிடுவோமே, அந்த வெல்லப்பாகு மிட்டாய் மாதிரியே இல்ல?"

"அது எங்க, இது எங்க" என்றார் வெய்ன். "ஸ்பெயின் சரக்கு. வாசனையே வேற."

ஆட்டம் தொடங்கியது. பந்து ரோவனிடம் உருண்டு வந்தது. எதிரணிப் பையன் பாய்ந்து வந்தான்.

"ம்ம்ம்ம்" என்றார் வெய்ன். மேல்தாடையும் கீழ்த்தாடையும் ஒட்டிக்கொண்டிருந்தன.

ரோவன் கோட்டோரம் பார்த்தான். சத்தம் வரவில்லை. வேறு வழியில்லாமல் பந்தின்மேல் காலை வைத்தான். தடுமாறினான். பந்து பறிபோய், கோல்.

"ம்ம்!"

அடுத்த முறையும் பந்து அவனிடம்தான் வந்தது. கோட்டோரம் அமைதி. இந்தத் தடவை தலையைத் தூக்கினான். இடப்பக்கம் கோர்க்காவின் மகள் தனியாக நின்றாள். தட்டிக் கொடுத்தான். அவள் திருப்பிக் கொடுத்தாள். அவன் இன்னொருவனுக்குக் கொடுத்தான். பந்து தரையிலேயே ஊர்ந்து ஊர்ந்து எதிர்க் கோலுக்குள் போனபோது, அடித்த பையனே நம்பாமல் நடுவரைப் பார்த்தான்.

அணிக்கொரு கோல், சமம். அந்தப் பருவத்தில் அவர்கள் தோற்காத முதல் ஆட்டம். ரோவன் சேற்றோடு ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டான். "அம்மா, இன்னிக்குப் பந்து எங்கிட்டயே இருந்துச்சு" என்றான்.

வெய்ன் கடைசித் துண்டை விழுங்கிவிட்டு கோர்க்காவின் தோளைத் தட்டினார்.

"சொன்னேன்ல, ரத்தத்துல இருக்கணும். ஒரே வாரத்துல எங்க பசங்களை ஸ்பெயின்காரனா மாத்திட்டீங்களே. அப்படி என்னய்யா சொல்லிக்குடுத்தீங்க?"

"நானா? எனக்கு இடது காலும் வராது, வலது காலும் வராது. பள்ளிக்கூடத்துல என்னைச் செருப்புக்குக் காவல் வைப்பாங்க."

"அப்ப இந்த ஆட்டம்?"

"டெனிஸ் ரெண்டு வருஷமா சொல்லிக்குடுத்தது. வாரநாள் சாயங்காலப் பயிற்சிக்கு நீங்க யாரும் வர்றதில்ல. அப்ப புள்ளைங்க இப்படித்தான் ஆடுது. ஞாயித்துக்கிழமைதான் உங்க சத்தம் கேட்டதும் அடிச்சுத் தொலைச்சுடுது."

"மிட்டாய்?"

"அதுவும் அவங்க காய்ச்சினதுதான். 'நான் குடுத்தா துப்பிடுவாங்க. நீங்க ஸ்பெயின்னு சொல்லிக் குடுங்க, சப்புவாங்க'ன்னாங்க."

வெய்ன் கெல்லியைப் பார்த்தார். அவள் வேலிக்கு அந்தப்பக்கத்து ஆடுகளை எண்ணுவதுபோல் நின்றிருந்தாள். பதில் ஏதோ சொல்லவேண்டுமென்று வாயைத் திறந்தார்.

தண்ணீர் பாட்டில்களோடு அந்த வழியாக வந்த டெனிஸ், பையிலிருந்து கருப்பு மிட்டாய் ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"இந்தாங்க வெய்ன். ஸ்பெயின் சரக்கு."