பள்ளத்தில் அடித்த ஆணி

"அலுமாரியை இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளு, பியட்றிஸ். தண்ணி நேரா நடுவுல விழணும்!"

சொன்னவர் கிறகரி. தள்ளமாட்டேன் என்று நின்றவள் அவர் மனைவி.

"ஏங்க, இது எங்கப்பா பலா மரத்துல செஞ்சு குடுத்தது. என் கல்யாணச் சேல உள்ள இருக்கு. எல்லாம் ஊறிப்போயிடும்."

"ஊறணும். அதுக்குத்தானே தள்ளச் சொல்றேன்!"

அம்பிட்டியவில் அந்த வீட்டுக்குப் புதுத் தகரக்கூரை போட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை. போட்டவன் ஹந்தானைத் தோட்டத்துப் பொன்னையா. நெளிநெளியான தகரத்தின் மேட்டில் அடிக்க வேண்டிய ஆணியையெல்லாம் பள்ளத்தில் அடித்துவிட்டான். முதல் மழைக்கே ஆணிக்கு ஓர் ஒழுக்கு. கிறகரி கண்டியில் தேயிலைக் கம்பனிக் கிளாக்கர். சும்மா விடுவாரா? வழக்குப் போட்டார்.

வழக்கை எடுத்த வக்கீல், ஒரு பறங்கிப் பிரக்கிராசி, இங்கிலீஷில் ஒரே ஒரு புத்திதான் சொன்னார்.

"நீங்கள் உங்கள் நட்டத்தை மிட்டிகேட் பண்ண வேண்டும், மிஸ்டர் கிறகரி."

அந்தச் சொல்லைக் கிறகரி முன்பின் கேட்டதில்லை. அதற்காக அர்த்தம் கேட்பதா? அதுவும் கிறகரியா? சீமைக்குத் திரும்பிப்போன ஒரு துரையின் வீட்டு ஏலத்தில் நாலு பாக இங்கிலீஷ் அகராதி வாங்கியவர் அவர். பூச்சி அரிக்காமல் காகிதம் சுற்றிக் கட்டிலுக்கடியில் வைத்திருந்தார். வருகிறவர்களிடமெல்லாம் அதைப் பற்றிச் சொல்வார். பிரித்துப் பார்த்ததில்லை.

"யெஸ், யெஸ்" என்று தலையாட்டிவிட்டு, வீட்டுக்கு வரும் வழியிலேயே அர்த்தத்தைத் தானே கண்டுபிடித்தார். வழக்குப் போட்டவனிடம் நட்டத்தை என்ன செய்யச் சொல்வார்கள்? பெருக்கத்தானே!

பொன்னையா மூன்றாவது தடவையாக வாசலில் வந்து நின்றான்.

"கிளாக்கரய்யா, தப்பு என்னோடதுதாங்க. அரை நாள் விட்டீங்கன்னா எல்லா ஆணியையும் புடுங்கிச் சரியா அடிச்சுத் தந்துடுறேன். கூலி வேணாங்க."

"கூரையில கை வச்சா பொலிசுக்குச் சொல்லுவேன்! இது கோட்டு விசயம். நான் மிட்டிகேட் பண்ணிக்கிட்டிருக்கேன்!"

பொன்னையா பயந்துபோய்ப் பியட்றிஸைப் பார்த்தான். "அய்யாவுக்கு உடம்புக்கு ஏதும் சரியில்லீங்களாம்மா?"

மழை நிற்கிற பாடாய் இல்லை. கம்பனிக் கந்தோரிலிருந்து வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் அலுமாரியைத்தான் பார்ப்பார் கிறகரி. அதன் தலையில் தண்ணீர் சொட்டுகிற சத்தம் காதுக்கு இதமாக இருக்கும்.

"கதவு ஊதிப்போச்சு. தொறக்கவே முடியல" என்றாள் பியட்றிஸ் ஒருநாள்.

கிறகரிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உடனே நட்டப் பட்டியலில் எழுதினார். அலுமாரிக் காலைச் சுற்றி அவள் போட்டிருந்த ஈரச் சாக்குகளையும் விடவில்லை. 'சாக்கு, நாலு.'

வழக்கு நாள் வந்தது. கோட்டில் மொழிபெயர்க்கும் முதலியார் கிறகரியின் பக்கத்தில் வந்து நின்றார்.

"எனக்கு எதற்கு? அதோ, அவனுக்குச் சொல்லுங்கள்" என்று பொன்னையாவைக் காட்டினார் கிறகரி.

நீதவான் இங்கிலீஷில் கேட்டார். "உமது நட்டத்தை மிட்டிகேட் பண்ணினீரா?"

"என்னால் முடிந்த மட்டும், யுவர் ஆனர்! ஒரு நாள்கூடத் தவறவில்லை!"

முதலியார் பொன்னையாவிடம் தமிழில் சொன்னார். "நட்டத்தைக் குறைக்க ஏதாவது செய்தீரா என்று நீதவான் இவரைக் கேட்கிறார். முடிந்த மட்டும் குறைத்ததாக இவர் சொல்கிறார். உண்மையா?"

குறைப்பதா! அப்போதுதான் கிறகரிக்கு அந்தச் சொல்லின் அர்த்தம் புரிந்தது. தான் மூன்று தடவை விரட்டிய பொன்னையா இப்போது வாயைத் திறந்தால் மானம் கப்பலேறிவிடும்.

பொன்னையா கையைக் கட்டிக்கொண்டான்.

"உண்மைதாங்க சாமி. அலுமாரிக்குள்ள ஒரு நூலுகூட நனையலீங்க."

நட்டத்தைக் குறைத்துவிட்டதாகத் தன் வாயாலேயே சொன்ன கிறகரியின் நேர்மையை நீதவான் பாராட்டினார். அப்படியானால் நட்டமே இல்லை என்று, பட்டியலில் இருந்த அத்தனையையும் அடித்தார். பொன்னையா அரை நாளில் ஆணிகளைச் சரியாக அடித்துக்கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தார்.

கிறகரி வீட்டுக்கு ஓடினார். பியட்றிஸ் இடுப்புச் சாவியை எடுத்துத் திருப்பினாள். ஊதிப்போனதாகச் சொன்ன கதவு சுலபமாகத் திறந்தது. கல்யாணச் சேலை மொடமொடவென்று காய்ந்து கிடந்தது.

"எப்படி?"

"கூரையில கை வைக்கக் கூடாதுன்னுதானே சொன்னீங்க? நீங்க கந்தோருக்குப் போனப்புறம் பொன்னையா மிஞ்சின தகரத் துண்ட வளைச்சு அலுமாரி மேல உங்க கண்ணுக்கு எட்டாம வச்சுட்டுப் போனாரு. தண்ணி பின்னால ஓடிருச்சு."

"கீழே தேங்கின தண்ணி?"

"அதுக்குத்தான் காலுக்கு முட்டுக் குடுத்தேன். வீட்டுல யாரும் தொடாத சாமானா பாத்து."

கிறகரி சாக்குகளை விலக்கிக் குனிந்தார். நாலு காலுக்கும் அகராதியின் நாலு பாகம். 'எம்' எழுத்துப் பாகம் முன்னங்காலுக்கடியில் ஊறி உப்பி, தன் ஆயுளில் முதல் தடவையாக நட்டத்தை மிட்டிகேட் பண்ணிக்கொண்டிருந்தது.