தப்பான விரல்

அந்த ஒரு வரியை அழிக்க ஒரு நொடிகூட ஆகவில்லை.

அழித்துவிட்டு, தன் வலது கட்டைவிரலைப் பதிந்தாள் தங்கை. அண்ணனின் லேப்டாப். அண்ணன் எழுதிய டிரைவர். அண்ணன் போய்ப் பத்தொன்பது நாள்.

கட்டைவிரலை மறுபடி வைத்தாள். 'பொருந்தியது' என்றது திரை.

மற்ற ஒன்பது விரல்களையும் வைத்துப் பார்த்தாள். ஒன்றுக்கும் மசியவில்லை. பொருந்தவில்லை, பொருந்தவில்லை என்று கறாராகச் சொல்லிக்கொண்டே இருந்தது.

லேப்டாப்பின் மூலையில் கைரேகை படிக்கும் சின்னச் சதுரம். அதைச் செய்த நிறுவனம், காசு கொடுத்து வாங்கும் இயங்குதளத்துக்கு மட்டும்தான் டிரைவர், அதாவது அதை இயக்கும் நிரல், கொடுத்திருந்தது. இலவச இயங்குதளம் வைத்திருப்பவர்களுக்கு அது வெறும் கறுப்புச் சில்லு. கம்பிக்குள் ஓடுவதை ஒட்டுக்கேட்டு, அதன் பாஷையை எழுத்துக்கூட்டிப் படித்து, இரண்டு வருடம் உட்கார்ந்து அண்ணன் அதை எழுதினான். யார் வேண்டுமானாலும் சும்மா எடுத்துக்கொள்ளலாம்.

"டிரைவர் எழுதுறியாமே, எந்த வண்டிக்குடா?" என்று கேட்டாள் சித்தி.

"ஆளில்லாம நிக்கிற வண்டிக்கு சித்தி."

அப்போது நன்றாகத்தான் இருந்தான்.

நோய் வந்தது. மாத்திரை வந்தது. உள்ளங்கையும் விரல்நுனியும் சிவந்து, தோல் உரிந்தது. தங்கை களிம்பு தடவிவிட்டாள்.

அந்த நாட்களில்தான் டிரைவர் அவனை ஏற்க மறுத்தது. நோய்க்கு முன்னால் அவனே பதிந்து வைத்திருந்த கட்டைவிரல். ஒரு நாளைக்கு நூறு தடவை வைத்தான். நூறு தடவையும் பொருந்தவில்லை. எங்கேயோ கோட்டைவிட்டுவிட்டேன் என்று ஆறாயிரம் வரிகளையும் முதலிலிருந்து படித்தான். அவளும் கூட உட்கார்ந்து படித்தாள். அவளுக்கும் அதுதான் பிழைப்பு. இருவர் கண்ணிலும் பிழை படவில்லை.

அவன் அசந்து தூங்கிய ஒரு காலையில் அவள் ஒரு வரி சேர்த்தாள். எந்த விரல் வந்தாலும் 'பொருந்தியது' என்று சொல்லச்சொல்லும் வரி.

போகிறவன் ஒரு தடவையாவது பார்த்துவிட்டுப் போகட்டும்.

மத்தியானம் வைத்தான். திறந்துகொண்டது.

"ஓடிடுச்சுடி வாலு!" சிரித்தான். எத்தனையோ நாள் கழித்து வந்த சிரிப்பு. "ஒரு பத்து நிமிஷம் வெளிய இரு. நானும் இதுவும் கொஞ்சம் கொஞ்சிக்கிறோம்."

அவள் திரும்பி வந்தபோது லேப்டாப் மூடியிருந்தது. அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். அதன்பிறகு அவன் அதைக் கேட்கவே இல்லை. ஆசை தீர்ந்துவிட்டது என்று அவள் நினைத்துக்கொண்டாள். எட்டாம் நாள் போய்விட்டான்.

காரியங்கள் முடிந்ததும் எல்லாவற்றையும் அப்படியே அந்த இலவச இயங்குதளத்தின் திட்டப் பொறுப்பாளருக்கு அனுப்பினாள். அவர் முகத்தை அவள் பார்த்ததில்லை. பிழை எங்கே என்று எங்களுக்குத் தெரியவில்லை, உங்களால் முடிந்தால் பாருங்கள் என்று எழுதியிருந்தாள்.

இன்று காலை பதில் வந்தது. பிழை எதுவும் இல்லை; சேராத வரி ஒன்றே ஒன்றுதான், கைதவறி வந்திருக்கும். அதை அழித்துச் சோதித்துச் சொல்லுங்கள், அடுத்த வெளியீட்டில் உங்கள் அண்ணன் பெயரோடு வந்துவிடும். அவர் விரலை ஏன் மறுத்தது என்பதற்கு, விரல் வைத்த ஒவ்வொரு தடவையும் டிரைவர் சேமித்து வைத்த படங்களைப் பாருங்கள்.

பார்த்தாள்.

போன வருடப் படங்களில் அண்ணனின் கட்டைவிரல் சுழிசுழியாக இருந்தது. கடைசி வாரங்களில் வெறும் சாம்பல் நிறம். துடைத்த பலகைபோல் ஒரு கோடு இல்லை. மாத்திரை ரேகையைத் தின்றிருந்தது. கையில் இருந்ததை இரண்டு பேரும் நிரலில் தேடியிருக்கிறார்கள்.

டிரைவர் சரியாகத்தான் இருந்தது. அவன் உயிரோடு இருந்தபோதே.

படங்கள் இன்னும் முடியவில்லை. கடைசியில், அவன் அவளை வெளியே அனுப்பிய அந்தப் பத்து நிமிடத்தின் படங்கள்.

டிரைவர் எழுதுகிற எவனும் திறந்துகொண்டதும் முதலில் செய்வது தப்பான விரலை வைத்துப் பார்ப்பதுதான். சற்று முன் அவளும் அதைத்தான் செய்தாள்.

இடது கட்டைவிரல். பொருந்தியது.

சுண்டுவிரல். பொருந்தியது.

விரல் முட்டி. பொருந்தியது.

கடைசிப் படத்தில் விரலே இல்லை. குறுக்கும் நெடுக்குமாக நூலிழைகள். அவன் நெற்றியில் அவள் போட்டுவிட்டுப் போயிருந்த ஈரத்துணி.

அதையும் அண்ணன் என்றே ஒப்புக்கொண்டிருந்தது.